காலை ஆறு மணி மெஷின்

மொட்டை மாடியில் கம்ப்யூட்டரைக் காயப் போட்டிருந்த அன்றுதான் ஷாமிலி முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தாள்.

1996ஆம் வருட மாடல். அந்தக் காலத்து வெள்ளை பிளாஸ்டிக், அறுபது வருடத்தில் பல் விளக்காதவன் பல் நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. முடியை வெளுக்க வைக்கும் பெராக்சைடு கிரீமைப் பெட்டி முழுக்கப் பூசி, பாலிதீன் தாளால் சுற்றி, நான்கு மணி நேரம் வெயிலில் வைத்தால் புதுப் பெண் மாதிரி எழுந்து உட்காரும். கோயம்புத்தூர் ஏப்ரல் வெயிலால் நன்மை அடைந்த ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து மாடி அம்மாள் எட்டிப் பார்த்து, "வடகமுங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழே அழைப்பு மணி அடித்தது.

"தர்ஷினி அக்கா நீங்கதானுங்களா?"

"இந்தத் தெருவுல மட்டும் அஞ்சு தர்ஷினி இருக்கோம். எந்த தர்ஷினி வேணும்?"

"பழைய கம்ப்யூட்டரைச் சரி பண்ணி கேம் ஆடறவங்க."

"அப்ப நான்தான். உள்ள வாங்க."

முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். காக்கிச் சட்டை. வால்பாறை பஸ் ஓட்டுகிறாளாம். தண்ணீர் குடித்தாள், சொம்பைக் கீழே வைத்தாள், நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுங்க்கா. கைத்தாங்கல் இல்லாதது. அதுல லாரி ஓட்டற கேம் இருக்கணும்."

கைத்தாங்கல் என்றால் என்ன என்று இந்த 2058இல் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பின்னால் வரப்போகிற வம்பு புரியவேண்டுமானால் சொல்லிவிடுவதே நல்லது. 2037இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு தயாராகும் எந்தக் கம்ப்யூட்டர் சில்லாக இருந்தாலும், மனிதனின் கை எல்லை மீறித் தப்பு செய்தால் அது சத்தமில்லாமல் திருத்திவிட வேண்டும். நல்லெண்ணத்தில் செய்ததுதான். சாலையில் சாகிறவர்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். ஆனால் காரோடு அது நிற்கவில்லை. அடுப்புக்குள் போனது, மைக்குக்குள் போனது, பேனாவுக்குள்கூடப் போனது. என் தங்கை மகள் மின்வீணை வாசித்தால் கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். வாசிப்பது அவளா கைத்தாங்கலா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இந்தப் பித்தலாட்டம் பிடிக்காத முப்பத்தொரு பேர் சேர்ந்து நடத்துவதுதான் எங்கள் வெறுங்கை மன்றம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ராம்நகரில் சிரில் வீட்டு மாடியில் கூடுவோம். 2037க்கு முந்தைய கம்ப்யூட்டரில் மட்டுமே ஆடுவோம். தலைவர் சிரில். ஆறு வருடமாக யாரும் அசைக்க முடியாத சாம்பியன் அடியேன். என் கை சொந்தக் கை என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். கைத்தாங்கலோடு வாழ்கிறவர்களைப் பார்த்தால் தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு தான் நடப்பதாக நினைக்கும் குழந்தையைப் பார்ப்பது போல இருக்கும். அதை வெளியில் சொல்லவும் நான் கூச்சப்பட்டதில்லை.

"லாரி கேம் எதுக்கு?" என்றேன்.

"போன மழையில மலைப் பாதையில ஒரு பஸ் ரெண்டு நாள் நின்னுச்சே, கேள்விப்பட்டீங்களா? ஒன்பதாவது வளைவுல?"

"ஆமா. அதுக்குள்ள ஒரு பொண்ணுக்குக் குழந்தைகூடப் பிறந்துதே."

"அந்த வண்டி டிரைவர் நான்தான்."

நான் அவளை இரண்டாவது முறை பார்த்தேன்.

"கீழ மண்ணு சரிஞ்சு டவர் எல்லாம் போயிடுச்சுங்க்கா. டவர் போனதும் கைத்தாங்கல் குழம்பிப் போய் ஸ்டீயரிங்கைப் பூட்டிடுச்சு. ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. நான் கண்ணால பாக்கறேன். மேல ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம்தான். அந்தப் பொண்ணு பின்னாடி கத்துது. நான் ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அது திரும்பல." சொம்பை ஓரமாக நகர்த்தினாள். "பூட்டாம இருந்திருந்தா நான் ஓட்டியிருப்பேனான்னு அன்னிலேர்ந்து யோசிக்கறேன். பத்து வருஷமா ஓட்டறேன். ஆனா ஓட்டினது நானான்னு எனக்குத் தெரியலைங்க்கா."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கைத்தாங்கலே இல்லாத ஒரு பஸ்ஸைச் சிறப்பு அனுமதியோடு தயார் செய்திருக்கிறார்களாம். மழைக்காலத்தில் அதை ஓட்ட ஒரு வெறுங்கை டிரைவர் வேண்டும். மே மாதம் இருபதாம் தேதி தேர்வு. நிஜ பஸ், நிஜ மலை, ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பயிற்சி எடுக்க வழியில்லை. இருக்கும் ஒரே வண்டியைத் தேர்வு வரை பூட்டி வைத்திருக்கிறார்கள், மற்ற எந்த வண்டியிலும் கைத்தாங்கலை அணைக்க முடியாது. தப்பு செய்தால் கீழே இருப்பது நிஜப் பள்ளம்.

"நான் உண்மையிலேயே டிரைவர்தானான்னு பள்ளத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். இல்லைன்னா விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கறேன்," என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மாடியில் காய்ந்துகொண்டிருந்ததையே அவளுக்காகத் தயார் செய்வது என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் வேலை. போர்டில் இருந்த பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது. வினிகரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். வயிறு உப்பிய கெப்பாசிட்டர்கள் பதினேழு, எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது வைத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் அரிசி புடைக்கிற சத்தம் போட்டதால் அதை ஓரமாக வைத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தினேன். பதினாறு எம்பி ரேமை அறுபத்து நாலாக உயர்த்தி, ஒரு நல்ல சவுண்டு கார்டும் சொருகினேன். எஞ்சின் உறுமல் சரியாகக் கேட்க வேண்டாமா? மீதி இருந்தது ஸ்டீயரிங். என்னிடம் இருந்த அந்தக் காலத்து ஸ்டீயரிங்கின் உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராகியிருந்தது. அதனால் எப்போதும் செய்வதையே செய்தேன். புது ஸ்டீயரிங் ஒன்றை எடுத்து, தீப்பெட்டி அளவுள்ள கன்வெர்ட்டர் டப்பா வழியாகப் பழைய பெட்டியின் பின்புறம் சொருகினேன். மன்றத்தின் பதினான்கு மெஷினிலும் இதே டப்பாதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நானே மொத்தமாக வாங்கியது.

கேம் பெயர் 'மவுண்டன் லாரி'. இருபது வளைவு. பள்ளத்தில் விழுந்தால் திரையில் சிவப்பு எழுத்தில் ஆட்டம் முடிந்தது என்று வரும். அந்தச் சிவப்பு எழுத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றே எனக்கு நினைவில்லை. மன்றத்தின் சாதனை பதினோரு நிமிடம் நான்கு விநாடி. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆடுவது என் வழக்கம். இப்போது இந்தப் புது மெஷினில் ஆடினேன். காபி ஆறுவதற்குள் லாரி மலை உச்சியில் இருக்கும்.

ஷாமிலி ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவாள். முதல் நாள் அவள் ஓட்டியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. இருபத்திரண்டு நிமிடம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் கொன்று, ஊர்ந்து, திருப்பி, மறுபடி கிளப்பினாள்.

"இது கேமுங்க. பின்னாடி யாரும் உக்காந்திருக்கல," என்றேன்.

"உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுத்தானுங்க்கா ஓட்டறேன்."

ஒரு மாதம் வந்தாள். பத்தொன்பது நிமிடத்துக்குக் கீழே இறங்கவேயில்லை. சிரிலிடம் போனில், "பாவம், நல்ல பொண்ணு, ஆனா கையில சரக்கு இல்ல," என்று சொன்னேன். அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் பயிற்சியை முடித்துவிட்டு எழுந்தவள், மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"எல்லாமே தொண்ணூத்தாறு மாடல்னு சொன்னீங்க. இந்தக் குட்டி டப்பா எந்த வருஷ மாடலுங்க்கா?"

"அது வெறும் கன்வெர்ட்டர். இந்த ஒயரை அந்த ஒயரா மாத்தும், அவ்வளவுதான்."

"இல்ல, எங்க டிப்போல ஒரு போல்ட் மாத்தினாக்கூட வருஷம் பாத்து எழுதுவோம். அதான் கேட்டேன். அப்புறமா பாத்து போன் பண்ணுங்க."

அவள் உக்கடம் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். நான் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கழற்றித் திருப்பினேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. தயாரிப்பு 2041.

அந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கும் சில்லு, அது ஒட்டிக்கொண்டிருக்கும் முழுக் கம்ப்யூட்டரைவிடப் பல நூறு மடங்கு சக்தி வாய்ந்தது என்பது எனக்குத் தெரியும். பழுது பார்க்கிற நாங்கள் எல்லோரும் இதை ஜோக்காகவே சொல்லிக்கொள்வோம். 2041 என்றால் சட்டத்துக்குப் பிறகு. அதற்குள் கைத்தாங்கல் இல்லாமல் இருக்கவே முடியாது. கண் முன்னால் இருந்ததை ஆறு வருடமாக நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் அந்தப் பெண் ஒரு மாதமாக ஓட்டியது வெறுங்கையால் அல்ல. நாளை காலை ஒன்பது மணிக்கு அவள் நிஜப் பள்ளத்தின் ஓரத்தில் இருப்பாள்.

சிரிலுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லாதீங்க," என்றார். "இப்ப சொன்னா பயந்துருவா. பயந்து ஓட்டினாத்தான் விழுவா."

"சொல்லலைன்னா?"

"தைரியமா ஓட்டுவா."

"தைரியமா விழுவா சிரில்."

போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, எதற்கு எது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு ஷாமிலியைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் பஸ் ஏறவில்லை. இருபது நிமிடத்தில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றேன். "அதுல கைத்தாங்கல் இருக்கு. என் தப்பு. மன்னிச்சிடு ஷாமிலி."

அவள் கத்தவில்லை. "நினைச்சேன்," என்றாள். "இன்னிக்கு வேணும்னே ஒரு தப்பு பண்ணிப் பாத்தேனுங்க்கா. பதினோராவது வளைவுல பள்ளத்துப் பக்கமே திருப்பினேன். லாரி விழல. வெறும் வண்டி அவ்வளவு மரியாதையா நடந்துக்காது."

ஒரு மாதத்தில் அவளுக்குத் தோன்றிய இந்தச் சோதனை, ஆறு வருடச் சாம்பியனுக்குத் தோன்றவில்லை. தோற்றுப் பார்க்கலாமே என்று யாருக்குத் தோன்றும்?

"இப்ப என்னங்க்கா பண்றது? விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கவா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கைத்தாங்கல் எத்தனை முறை திருத்தியது என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. விபத்து நடந்தால் பார்ப்பதற்காக. டப்பாவை என் மேசைக் கம்ப்யூட்டரில் சொருகி, அந்தப் பதிவைத் திரையில் இறக்கினேன். தேதி, நேரம், எத்தனை முறை.

இருவரும் குனிந்து பார்த்தோம். மதியம் மூன்று மணி வரிகளை அவள் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். முதல் நாள் அறுபத்தொன்று. இரண்டாம் நாள் இருபது. மூன்றாம் நாள் நான்கு. அப்புறம் பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். இருபத்தேழு நாள் வரிசையாகப் பூஜ்யம். இன்றைய தேதியில் மட்டும் ஒன்று.

"அது பதினோராவது வளைவு," என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அப்ப மீதியெல்லாம்..."

"மீதியெல்லாம் நீதான் ஓட்டியிருக்க. அது சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்திருக்கு."

அவள் காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசிவரை மெதுவாகவே ஓட்டியதற்காக அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் விரல் பக்கத்து வரிசைக்குத் தாவியது.

"இது யாருங்க்கா, காலைல ஆறு மணி? நானூத்திப் பன்னெண்டு... முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு... நானூத்தி இருபது. தினமும் இருக்கே."

பதினோரு நிமிடம் நான்கு விநாடியும், ஆறு வருடக் கோப்பைகளும், அலமாரியின் மேல்தட்டிலிருந்து என்னைப் பார்த்தன.

"அதுவா?" என்றேன். "அது வந்து... மெஷின் தன்னைத் தானே சோதனை பண்ணிக்கும். தினமும் காலைல. அந்தக் காலத்து மெஷின்ல அப்படி ஒரு வசதி."

"ஓ," என்றாள் ஷாமிலி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆழியாறு அடிவாரத்தில் போய் நின்றேன். அந்தப் பஸ்ஸின் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு மணல் மூட்டையை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள், பயணிகளுக்குப் பதிலாக. ஷாமிலி ஏறும்போது என்னைப் பார்த்துக் கை காட்டினாள். தேர்வு அதிகாரி அவள் பின்னால் ஏறி, பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி முதல் வளைவில் திரும்பி மறைந்தது. நான் டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், எண்ணெய் குடித்த ஒரு பஜ்ஜியும் தின்றேன். நாலேகால் மணி நேரம் கழித்து அதே பஸ் இறங்கி வந்தது. அதிகாரி கீழே குதித்தார், மூட்டைகளை வெளியிலிருந்தே ஜன்னல் ஜன்னலாக எண்ணினார்.

"ஒண்ணுகூடச் சாயலைம்மா," என்றார். அவர் குரலில் அதிகாரி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு டப்பாக்களின் பதிவையும் சுவரில் போட்டுக் காட்டினேன். யார் எப்போது ஆடினார் என்ற மன்றக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டதில் ஒருவர் பெயரும் தப்பவில்லை. முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் அடுத்த வாரம் வரவில்லை. ஒருவர் என்மேல் மானநஷ்ட வழக்கு போடுவதாகச் சொன்னார், எது மானம் எது நஷ்டம் என்று இன்னும் அவர் முடிவு செய்யவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சிரில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"நாம சந்தோஷமாத்தானே இருந்தோம்? இதைச் சொல்லியே ஆகணுமா?"

நாற்காலி அடுக்க உதவி செய்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய ஸ்டீயரிங்கைப் பிரித்தேன். தாரைச் சுரண்டி, உள்ளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தையல் மெஷின் பெல்ட் ஒன்றை வெட்டி மாட்டினேன். டப்பா இல்லாமல் நேராகப் பெட்டியில் சொருகி, காலை ஆறு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தேன். முதல் வளைவைச் சுவரில் உரசிக்கொண்டு எப்படியோ தாண்டினேன். இரண்டாவதில் லாரி பள்ளத்தில் விழுந்தது. சிவப்பு எழுத்து. மறுபடி ஆடினேன், மறுபடி இரண்டாவது வளைவு. மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி லாரி பொம்மைக்காக அழுவதைப் பார்க்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஜூன் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் டவர்கள் மறுபடி விழுந்தன. மூன்றாவது நாள் டவர் திரும்பியதும் ஷாமிலியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் எஞ்சின் உறுமல், யாரோ ஒரு குழந்தையின் சிணுங்கல்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? மூணு நாளா நம்ம வண்டி மட்டும்தான் ஓடுது. ஒன்பதாவது வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிக்கறேன். அப்புறம் ஒரு விஷயங்க்கா. அந்தக் காலைல ஆறு மணி மெஷின் இருக்குல்ல, அதுகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. திருப்பும்போது பிரேக் புடிக்கக் கூடாது. திருப்பறதுக்கு முன்னாடியே புடிச்சு, விட்டுட்டு, அப்புறம் திருப்பணும். ரெண்டாவது வளைவுலதான் அதுக்குப் பிரச்சினை இருக்கும்னு நினைக்கறேன், முதல் நாள் எனக்கும் அங்கதான் தடுமாறுச்சு. கோவிச்சுக்கச் சொல்லாதீங்க."

அதை நான்கு முறை கேட்டேன். முதல் இரண்டு முறை காது சூடாகிவிட்டது. மூன்றாவது முறை சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டாவது வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்தேன். விட்டேன். பின்னால் நாற்பது மூட்டைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு திருப்பினேன். பாறை இடதுபக்கமாக நகர்ந்து போனது, முன்னால் புதிதாகச் சாலை நீண்டது. ஆயிரம் முறை பார்த்த சாலைதான்.

மூன்றாவது வளைவில் விழுந்தேன். சிரிலுக்கு உடனே போன் போட்டு, "ரெண்டாவதைத் தாண்டிட்டேன்," என்றேன். அவர் தூக்கக் கலக்கத்தோடு, "நான் இன்னும் முதலாவதே தாண்டலை, எப்படின்னு சொல்லுங்க," என்றார்.